பெயர் பொறிக்காத வேந்தர்

நுழையும்முன்

உங்கள் கையில் உள்ள ஒரு நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். நாட்டின் பெயர், மதிப்பு, ஆண்டு ஆகிய மூன்றும் அதில் இருக்கும். நாணயத்தை வெளியிடும் உரிமை யாருக்கு உண்டோ, அவருக்கே நாட்டை ஆளும் உரிமையும் உண்டு என்பது பழங்கால வழக்கு. அதனால் அரசர்கள் தம் பெயரையோ உருவத்தையோ நாணயத்தில் பொறிப்பதைப் பெருமையாகக் கருதினர். நாம் வாழும் ஹனூர்ப் பகுதியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட வேந்தர் ஒருவர், அழகிய வெள்ளி நாணயங்களை வெளியிட்டும் அவற்றில் தம் பெயரைப் பொறிக்கவில்லை. அவர் யார்? அவர் வாழ்வு எத்தகையது? அறிந்துகொள்வோம்.

பிறப்பும் இளமையும்

பெங்களூருவுக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளி என்னும் ஊரில் 1750ஆம் ஆண்டு திப்பு சுல்தான் பிறந்தார். தந்தை ஹைதர் அலி. தாய் பாத்திமா பக்ருன்னிசா. பிள்ளைப்பேறு வேண்டிப் பெற்றோர் ஆர்க்காட்டில் உள்ள திப்பு மஸ்தான் என்னும் இறைநேசரின் தர்காவில் வழிபட்டனர் என்பர். அதனால் பிறந்த குழந்தைக்கு அவர் பெயரையே சூட்டினர். மைசூர் நாட்டு வேந்தர் தாங்கிய பெயர் தமிழகத்து ஆர்க்காட்டிலிருந்து வந்த பெயராகும்.

ஹைதர் அலி எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் நினைவாற்றலும் போர்த்திறமும் மிக்கவர். மைசூர்ப் படையில் சிறிய பொறுப்பில் தொடங்கி, 1755இல் திண்டுக்கல்லின் படைத்தலைவராக உயர்ந்தார். 1761இல் நாட்டின் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. உடையார் மரபினர் பெயரளவில் அரியணையில் இருந்தனர்.

தாம் பெறாத கல்வியைத் தம் மகன் பெறவேண்டும் என்று ஹைதர் விரும்பினார். திப்புவுக்குப் பாரசீகமும் அரபும் உருதும் கன்னடமும் கற்பிக்கப்பட்டன. குதிரையேற்றமும் வாட்போரும் பயிற்றுவிக்கப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனியுடன் நிகழ்ந்த முதல் மைசூர்ப் போரின்போது, 1767இல், பதினேழு வயதை எட்டும் பருவத்தினராகிய திப்பு குதிரைப்படை ஒன்றுடன் சென்னையின் புறநகர் வரை சென்று திரும்பினார். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைத் தோற்கடித்ததில் திப்புவுக்குப் பெரும்பங்கு உண்டு. இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்துச் செய்யப்பட்ட மைசூர் ஏவுகணைகள் அப்போரில் எதிரிகளைத் திகைக்க வைத்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தௌலத் மாளிகையின் சுவரில் அப்போர்க் காட்சி பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. மைசூருக்குச் சுற்றுலா செல்லும்போது அதை நீங்கள் காணலாம்.

தந்தை விட்டுச் சென்ற நாடு

1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகில் இருந்த பாசறையில் ஹைதர் அலி காலமானார். அப்போது இரண்டாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. திப்பு மேற்குக் கடற்கரைப் பகுதியில் போரிட்டுக்கொண்டிருந்தார். மன்னரின் மறைவு வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடக்கூடும் என்று அஞ்சிய அமைச்சர் பூர்ணையா முதலியோர், திப்பு வந்து சேரும்வரை அச்செய்தியை மறைத்து வைத்தனர். விரைந்து வந்த திப்பு படைக்கும் நாட்டுக்கும் தலைவரானார். போர் தொடர்ந்தது. 1784 மார்ச் 11 அன்று மங்களூரில் ஏற்பட்ட உடன்படிக்கையுடன் அது முடிவுற்றது. இரு தரப்பினரும் வென்ற இடங்களைத் திருப்பித் தந்தனர்.

அந்நாளில் திப்புவின் ஆட்சிப் பரப்பு மிகப் பெரியது. இன்றைய கர்நாடகத்தின் பெரும்பகுதியும் மலபாரும் அதில் அடங்கின. திண்டுக்கல், சேலம், கோயம்புத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய தமிழகப் பகுதிகளும் அதில் இருந்தன. கொள்ளேகாலும் ஹனூரும் அந்நாட்டின் உட்பகுதிகளாக விளங்கின. இன்று மேட்டூர் அணைக்கு அருகில் உள்ள காவேரிபுரத்திலிருந்து மலையேறி மைசூர் நாட்டுக்குள் வரும் கணவாய்வழி இப்பகுதியில்தான் வந்து சேர்ந்தது. வணிகரும் படைவீரரும் அவ்வழியே நடந்தனர். அவர்களுடைய முடிச்சுகளில் பலவகைக் காசுகள் இருந்தன.

பொன் வழங்கிய நாட்டில் வெள்ளி

தென்னாட்டில் நெடுங்காலமாகப் பொன் நாணயமே பெருவழக்காக இருந்தது. பெரிய பொன் நாணயத்துக்கு வராகன் என்று பெயர். சிறிய பொன் நாணயத்துக்குப் பணம் என்று பெயர். செம்பினால் ஆனது காசு. இன்று நாம் செல்வம் முழுவதையும் குறிக்க வழங்கும் பணம் என்னும் சொல், ஒரு காலத்தில் நகக்கண் அளவே உள்ள ஒரு பொன்துண்டின் பெயராக இருந்தது.

வடநாட்டில் வெள்ளி ரூபாய் வழங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் ஷெர்ஷா என்னும் அரசர் ஏறத்தாழ 11½ கிராம் எடையில் அதை ஒழுங்குபடுத்தினார். பின்வந்த முகலாயர் அதையே பின்பற்றினர். ஹைதர் அலி பொன்னிலும் செம்பிலும் மட்டுமே நாணயம் வெளியிட்டார். அவருடைய வராகனின் ஒரு பக்கத்தில் சிவனும் பார்வதியும் அமர்ந்த திருவுருவம் இருக்கும். அது முன்னிருந்த இக்கேரி அரசர்களின் நாணய வடிவம். மறுபக்கத்தில் ஹைதர் என்னும் பெயரின் முதல் அரபெழுத்து மட்டும் காணப்படும். மக்கள் பழகிய வடிவத்தை மாற்றாமல், அதன் பின்புறத்தில் ஓர் எழுத்தை மட்டும் அவர் சேர்த்தார்.

திப்பு வேறு வழியைத் தேர்ந்தார். பொன், செம்பு ஆகியவற்றுடன் வெள்ளியிலும் நாணயம் அச்சிடச் செய்தார். அவற்றுள் மிகப் பெரியது இரட்டை ரூபாய். அதன் எடை ஏறத்தாழ 23 கிராம். இன்றைய பத்து ரூபாய் நாணயங்கள் மூன்றைச் சேர்த்துக் கையில் எடுத்தால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவு கனம் அந்த ஒரு நாணயத்துக்கு உண்டு. 1784ஐ ஒட்டி அது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வெளிவந்தது.

வெள்ளி நம் மண்ணில் மிகுதியாகக் கிடைக்கும் உலோகம் அன்று. அது வணிகத்தின் வழியே வந்தது. மைசூர் நாட்டின் மிளகும் ஏலமும் சந்தனமும் அரிசியும் மங்களூர்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறி அரபுக் கடலைக் கடந்து மஸ்கட்டுக்குச் சென்றன. திப்பு அங்கே அரசு வணிக நிலையம் ஒன்றை அமைத்தார். உழவர் விளைத்த பொருள் வெளிநாடு சென்று வெள்ளியாகத் திரும்பியது.

நாணயத்தின் இரு பக்கங்கள்

அக்காலத்தில் நாணயம் கையால் அடிக்கப்பட்டது. நாணயம் அச்சிடும் இடத்துக்கு அக்கசாலை என்பது பழந்தமிழ்ப் பெயர். வெள்ளியை உருக்கிச் சம எடையுள்ள வட்டத் துண்டுகளாக்குவர். எஃகு அச்சுகள் இரண்டில் எழுத்துகளைத் தலைகீழ் வடிவில் செதுக்குவர். ஓர் அச்சைக் கீழே நிறுத்தி, அதன்மேல் வெள்ளித் துண்டை வைத்து, மேலே மற்றோர் அச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பர். ஒரே அடியில் இரு பக்கமும் பதியும். அடி சற்று விலகினால் எழுத்துகளின் ஓரம் வெட்டுப்படும். திப்புவின் நாணயங்களோ எழுத்தழகுக்குப் பெயர்பெற்றவை. பாரசீக எழுத்துகள் கொடிபோல வளைந்து, இடைவெளிகளில் புள்ளிகளும் பூக்களும் நிறைந்து விளங்கும்.

இரட்டை ரூபாயின் ஒரு பக்கத்தில், ஹைதரின் வெற்றியால் நபிகளின் மார்க்கம் உலகில் ஒளிபெற்றது என்னும் கருத்துடைய பாரசீகத் தொடர் உள்ளது. அதனுடன் அச்சிட்ட ஊராகிய பட்டணத்தின் பெயரும் ஆண்டும் இடம்பெறும். ஹைதர் என்னும் சொல் சிங்கம் என்னும் பொருளுடையது. அது நபிகளின் மருமகனார் அலியின் சிறப்புப் பெயரும் ஆகும். திப்புவின் தந்தையையும் அது நினைவூட்டுகிறது. மறுபக்கத்தில், அவரே ஒப்பற்ற, நீதியுள்ள சுல்தான் என்னும் கருத்துடைய தொடரும் ஆட்சியாண்டும் காணப்படும்.

இவ்வளவு எழுத்துகள் இருந்தும் திப்பு என்னும் பெயர் அதில் இல்லை. அதைவிட முக்கியமான மற்றொரு பெயரும் இல்லை. அது தில்லியில் இருந்த முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமின் பெயர். அந்நாளில் முகலாயரின் வலிமை பெரிதும் குன்றியிருந்தது. ஆயினும் இந்தியாவின் பல அரசுகள் அவர் பெயரிலேயே வெள்ளி ரூபாய் வெளியிட்டன. கிழக்கிந்தியக் கம்பெனியும் அவ்வாறே செய்தது. பெயரளவிலேனும் தில்லிக்குக் கீழ்ப்பட்டவர் என்று காட்டிக்கொள்வதே அன்றைய வழக்கு. திப்பு அவ்வழக்கைக் கைவிட்டார். தமக்கு மேல் ஒரு பேரரசர் இல்லை என்பதை அவர் ஓலையில் எழுதி அனுப்ப வேண்டியதில்லை. அந்த நாணயம் சென்ற சந்தையெல்லாம் அச்செய்தி சென்றது.

பெயர்களும் எண்களும்

புதிய பெயர் சூட்டுவதில் திப்புவுக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு. இரட்டை ரூபாய்க்கு ஹைதரி என்றும், ஒரு ரூபாய்க்கு இமாமி என்றும் பெயரிட்டார். அரை ரூபாய் ஆபிதி. கால் ரூபாய் பாக்கிரி. அரைக்கால் ரூபாய் ஜாபரி. வீசம் அளவுள்ளது காசிமி. வெள்ளி நாணயப் பெயர்கள் பெரும்பாலும் இமாம்களின் பெயர்களிலிருந்து அமைந்தவை. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதன் பாதி மதிப்புடையது. ஆகவே எழுத்தறியாதவரும் எளிதில் கணக்கிட முடிந்தது.

செம்பு நாணயங்களுக்கு வானத்துக் கோள்களின் பெயர்களையும் விண்மீன் பெயர்களையும் சூட்டினார். ஒரு பைசாவுக்கு ஜோஹ்ரா என்று பெயர். அப்பெயர் வெள்ளி என்னும் கோளைக் குறிக்கும். செம்பினால் ஆன காசு வெள்ளியின் பெயரைப் பெற்றது தமிழறிந்தவர்க்குச் சுவையாகத் தோன்றும். அச்செப்புக் காசுகளில் யானை உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. தும்பிக்கையும் தந்தமும் விளங்க நடந்துவரும் அந்த யானையை எழுத்தறியாத உழவரும் கண்டவுடன் அறிந்துகொள்வர்.

திப்பு புதிய நாட்காட்டி ஒன்றையும் வகுத்தார். அதற்கு மௌலூதி என்று பெயர். அதில் அறுபது ஆண்டுகள் கொண்ட சுழற்சி இருந்தது. பிரபவ முதல் அட்சய வரையுள்ள அறுபது ஆண்டுகளை நாம் அறிவோம். தென்னாட்டு மக்கள் வழங்கிய அதே முறையைத் தழுவி, ஒவ்வோர் ஆண்டுக்கும் புதிய பெயரை அவர் அமைத்தார். 1787 முதல் அவருடைய நாணயங்களில் மௌலூதி ஆண்டு இடம்பெற்றது. அத்துடன் ஆண்டின் எண்களை வலமிருந்து இடமாக எழுதும்படி மாற்றினார். எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும்போது எண்ணும் அவ்வாறே செல்லட்டும் என்பது அம்முறை. அதனால் 1216 என்னும் ஆண்டு, நம் கண்ணுக்கு 6121 எனத் தோன்றும்.

தெரிந்து தெளிவோம்

திப்புவுக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன், ரஷ்யாவின் பேரரசர் முதலாம் பீட்டர் (1672–1725) தம் நாட்டு நாணய முறையை மாற்றியமைத்தார். அதற்குமுன் வெள்ளிக் கம்பியைத் துண்டாக்கித் தட்டிய, மீன்செதில் போன்ற சிறு காசுகளே அங்கு வழங்கின. 1704இல் அவர் வெளியிட்ட வெள்ளி ரூபிள் ஏறத்தாழ 28 கிராம் எடையுடையது. ஒரு ரூபிளுக்கு 100 கோபெக் என அவர் வகுத்த முறையே உலகின் முதல் பதின்ம நாணய முறை எனப்படுகிறது. அதில் பீட்டரின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. திப்பு ஆண்ட காலத்தில் ரஷ்யாவை ஆண்ட இரண்டாம் கேத்தரினும் (1762–1796) தம் உருவத்தையே ரூபிளில் பொறித்தார். இந்தியாவில் 1 ரூபாய்க்கு 16 அணா என்னும் கணக்கே நெடுநாள் வழங்கியது. 1957 ஏப்ரல் 1 முதல்தான் 1 ரூபாய்க்கு 100 காசு என்னும் முறை வந்தது.

புதுமையும் கடுமையும்

பீட்டரைப் போலவே திப்புவும் பிறநாட்டுத் தொழில்நுட்பத்தை நாடினார். 1788இல் அவருடைய தூதர்கள் பிரான்சு சென்று மன்னர் பதினாறாம் லூயியைக் கண்டனர். துருக்கிக்கும் தூதுக்குழு சென்றது. பட்டுப்புழு வளர்ப்பை மைசூர் நாட்டில் பரப்பினார். இன்று நம் அருகில் உள்ள கொள்ளேகால் பட்டுக்குப் பெயர்பெற்ற ஊராக இருப்பதைக் காண்கிறோம். தந்தை தொடங்கிய பெங்களூரு லால்பாக் தோட்டத்தை மேலும் விரிவாக்கினார். 1791இல் மராட்டியப் படையினரால் சிருங்கேரி மடம் சூறையாடப்பட்டபோது, மடத்தைச் சீரமைக்கப் பொருளுதவி அளித்தார். அம்மடத்தின் தலைவருக்கு அவர் எழுதிய கன்னட மடல்கள் 1916இல் கண்டெடுக்கப்பட்டன.

வரலாற்றைப் படிப்பவர் ஒரு பக்கத்தை மட்டும் படித்தல் ஆகாது. திப்புவின் ஆட்சியில் பெருந்துயர் அடைந்தவர்களும் உண்டு. தம்மை எதிர்த்த குடகு மக்களையும் மலபார் மக்களையும் அவர் கடுமையாக ஒடுக்கினார். மங்களூர்ப் பகுதிக் கிறித்தவர்கள் ஆயிரக்கணக்கில் சிறைபிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். பலர் வழியிலேயே மாண்டனர். மதம் மாறும்படி பலர் வற்புறுத்தப்பட்டனர். அப்பகுதிகளில் திப்புவின் நினைவு இன்றும் வேதனைக்குரியதாகவே உள்ளது. மற்றோரிடத்தில் அவர் அந்நியரை எதிர்த்து நின்ற வீரராகப் போற்றப்படுகிறார். இரண்டும் ஒரே மனிதரின் வாழ்வில் நிகழ்ந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது, நாணயத்தின் ஒரு பக்கத்தைத் தேய்த்து அழிப்பதற்கு ஒப்பாகும்.

வெள்ளியால் கொடுத்த விலை

1790இல் மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கியது. கம்பெனியும் மராட்டியரும் ஐதராபாத் நிசாமும் ஒன்று சேர்ந்தனர். 1791 மார்ச்சு மாதத்தில் பெங்களூரு வீழ்ந்தது. 1792 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டது. மார்ச்சு மாதத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். சேலம், பாரமகால், திண்டுக்கல், மலபார், குடகு ஆகியவை கம்பெனிக்குச் சென்றன. அத்துடன் 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டமாகச் செலுத்தவேண்டும். பாதியை உடனேயும் மீதியைத் தவணைகளாகவும் தரவேண்டும்.

ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ 11½ கிராம் எனக் கொண்டால், அத்தொகை முழுவதையும் வெள்ளியாகக் கொடுக்க 370 டன்னுக்கும் மேற்பட்ட வெள்ளி வேண்டும். அவ்வளவு பொருளையும் கொடுக்கும்வரை, திப்புவின் மக்கள் இருவர் பிணையாக அனுப்பப்படவேண்டும் என்பது நிபந்தனை. மூத்தவர் அப்துல் காலிக்குக்கு ஏறத்தாழப் பத்து வயது. இளையவர் முயிசுத்தீனுக்கு ஏறத்தாழ எட்டு வயது. யானைமீது அமர்ந்து அச்சிறுவர் இருவரும் கோட்டையை விட்டு ஆங்கிலப் பாசறைக்குச் சென்றனர். பின்னர்ச் சென்னையில் வைக்கப்பட்டனர்.

நாட்டில் வரிச்சுமை கூடியது. குடிமக்களும் அதிகாரிகளும் வணிகரும் தண்டத் தொகைக்காகப் பொருள் தரவேண்டியிருந்தது. நீதியுள்ள சுல்தான் என்று வெள்ளியில் பொறித்தவர், அந்த வெள்ளியையே மக்களிடமிருந்து திரட்டிப் பகைவரிடம் கொடுத்துத் தம் பிள்ளைகளை மீட்கவேண்டிய நிலைக்கு ஆளானார். 1794இல் சிறுவர் இருவரும் திரும்பி வந்தனர்.

இறுதி நாள்

1798இல் வெல்லெஸ்லி பிரபு கம்பெனியின் தலைமை ஆளுநராக வந்தார். திப்பு பிரெஞ்சுக்காரருடன் கொண்ட தொடர்பைக் காரணம் காட்டி மறு ஆண்டே போர் தொடுத்தார். படைகள் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மைசூரை நெருங்கின. ஸ்ரீரங்கப்பட்டணம் மீண்டும் முற்றுகையிடப்பட்டது. பீரங்கிக் குண்டுகளால் கோட்டைச்சுவரில் உடைப்பு ஏற்பட்டது. 1799 மே 4 அன்று நண்பகல் கடந்த வேளையில் கம்பெனிப் படை காவிரியைக் கடந்து உள்ளே புகுந்தது.

தப்பிச் செல்ல வாய்ப்பு இருந்தும் திப்பு செல்லவில்லை. வடபுற வாயிலருகே படைவீரருள் ஒருவராக நின்று போரிட்டு மாண்டார். மாலையில் விளக்கொளியில் தேடியே அவர் உடலைக் கண்டெடுத்தனர். பெற்றோர் அடக்கமாகியிருந்த கும்பஸ் என்னும் மண்டபத்தில், அவர்களுக்கு அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய புதல்வர்கள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1806 ஜூலை 10 அன்று நிகழ்ந்த வேலூர்ப் புரட்சிக்குப் பின், அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

மீண்டும் வந்த பெயர்

திப்புவுக்குப் பின் உடையார் மரபைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவர் மூன்றாம் கிருஷ்ணராஜர் அரியணையில் அமர்த்தப்பட்டார். பூர்ணையா திவானாகப் பொறுப்பேற்றார். மைசூரில் மீண்டும் வெள்ளி ரூபாய் அச்சிடப்பட்டது. அதில் இரண்டாம் ஷா ஆலமின் பெயர் இருந்தது. திப்பு நீக்கிய பெயர் திரும்பி வந்தது. தில்லியின் வலிமை அதனால் வளர்ந்துவிடவில்லை. மைசூரின் தனியுரிமை போய்விட்டது என்பதே அதன் பொருள். செப்புக் காசில் மட்டும் யானை தொடர்ந்து நடந்தது. அதன் மேலே கதிரவனும் பிறையும் சேர்ந்துகொண்டன.

எல்லைகளும் மாறின. கோயம்புத்தூர்ச் சீமையுடன் கொள்ளேகால் பகுதியும் கம்பெனி ஆட்சிக்குச் சென்றது. ஹனூரும் அதனுள் அடங்கியது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. இவ்வூரில் தமிழும் கன்னடமும் அருகருகே ஒலிப்பதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம். பிழைப்புக்காகப் பின்னாளில் வந்த நம் பெற்றோரும் அந்த நெடிய வழியில் நடந்தவர்களே.

திப்புவின் வெள்ளி நாணயங்கள் இன்று இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் அருங்காட்சியகங்களில் உள்ளன. வேந்தரின் பெயரை அவற்றில் தேடினால் கிடைக்காது. அவர் தந்தையை நினைவூட்டும் பெயர் கிடைக்கும். நீதியுள்ளவர் என்னும் பட்டம் கிடைக்கும். அந்தப் பட்டத்துக்கு அவர் எவ்வளவு தகுதியுடையவர் என்பதை நாணயம் கூறாது. அவர் செயல்கள் அனைத்தையும் எடைபோட்டு நாம்தான் கூறவேண்டும்.

சொல்லும் பொருளும்

அக்கசாலை – நாணயம் அச்சிடும் இடம்
வராகன் – பழைய பொன் நாணயம்
வீசம் – பதினாறில் ஒரு பங்கு
தண்டம் – தோற்றவர் செலுத்தும் தொகை
பிணை – உறுதிக்காக ஒப்படைக்கப்படுபவர் அல்லது பொருள்
பாசறை – படை தங்கும் இடம்
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள பழைய நாணயங்களைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்து, உருவம், ஆண்டு ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் குடும்பம் எவ்வூரிலிருந்து ஹனூருக்கு வந்தது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவ்வூர் திப்புவின் ஆட்சியில் இருந்ததா என வகுப்பில் கலந்துரையாடுக.
3. உங்களுக்கென ஒரு நாணயம் வரைக. அதில் எந்தச் சொற்களைப் பொறிப்பீர்கள்? ஏன்?

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. திப்புவின் இரட்டை ரூபாய்க்கு வழங்கிய பெயர் ______.
(க) இமாமி (ங) ஹைதரி (ச) ஜோஹ்ரா (ஞ) ஆபிதி

2. மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்ட ஆண்டு ______.
(க) 1767 (ங) 1780 (ச) 1784 (ஞ) 1792

3. மௌலூதி நாட்காட்டியின் சுழற்சி ______ ஆண்டுகளைக் கொண்டது.
(க) 12 (ங) 30 (ச) 60 (ஞ) 100

4. அருங்காட்சியகம் என்னும் சொல்லைப் பிரித்தால் கிடைப்பது ______.
(க) அரும் + காட்சியகம் (ங) அருமை + காட்சியகம் (ச) அரிய + காட்சியகம் (ஞ) அருங் + காட்சியகம்

ஆ) சுருக்கமாக விடை எழுதுக.

1. ஹைதர் அலியின் வராகனில் காணப்பட்டவை யாவை?
2. வெள்ளி மைசூர் நாட்டுக்கு எவ்வாறு வந்தது?
3. மௌலூதி ஆண்டு 1217, திப்புவின் நாணயத்தில் நம் கண்ணுக்கு எவ்வாறு தோன்றும்?
4. ஒரு ஹைதரி நாணயத்துக்கு எத்தனை ஜாபரி நாணயங்கள் கிடைக்கும்? கணக்கிட்டு எழுதுக.

இ) விரிவாக விடை எழுதுக.

1. தில்லிப் பேரரசரின் பெயரைத் திப்பு தம் நாணயத்தில் பொறிக்காததன் பொருளையும், பின்னர் அப்பெயர் மைசூர் நாணயத்தில் இடம்பெற்றதன் பொருளையும் ஒப்பிட்டு எழுதுக.
2. நீதியுள்ள சுல்தான் என்னும் பட்டம் திப்புவுக்குப் பொருந்துமா? பாடத்தில் உள்ள சான்றுகளை இருபுறமும் காட்டி உம் கருத்தை எழுதுக.

ஈ) தொடரில் அமைத்து எழுதுக.

1. பிணை 2. உடன்படிக்கை 3. முற்றுகை 4. ஒப்பற்ற